பிங் போகிறது, ஃபைல் போகவில்லை

பிங் அடித்தால் பதில் வருகிறது. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழையவும் முடிகிறது. ஆனால் உள்ளே போய்ப் பெரிய லாக் ஃபைல் ஒன்றைத் திறந்தால் திரை பாதியில் உறைந்துவிடுகிறது. இரவு பேக்கப் ஓடத் தொடங்கியதும் இணைப்பு அறுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே மீள்கிறது, மறுபடி அறுகிறது. லினக்ஸ் சர்வர் வைத்திருக்கும் நண்பர்கள் இப்படி ஒரு கதையோடு வரும்போது கேபிளையும் ஸ்விட்சையும் ஏற்கெனவே மாற்றிப் பார்த்திருப்பார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: நெட்வொர்க் கார்டில் டிஎஸ்ஓ ஓடுகிறதா?

சின்னப் பாக்கெட்டெல்லாம் ஒழுங்காகப் போய், தொடர்ந்து பெரிய அளவில் அனுப்பும்போது மட்டும் நிற்கிறது என்றால், கார்டிடம் கெர்னல் எந்தெந்த வேலையை ஒப்படைத்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அந்த ஒப்படைப்புக்குத்தான் ஆஃப்லோட் என்று பெயர். இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தேடினால் கிடைக்கும் தீர்வு பெரும்பாலும் ஒரே வரிதான்: எல்லா ஆஃப்லோடையும் அணைத்துவிடு. பல நேரம் அந்த வரி வேலை செய்துவிடுகிறது. வேலை செய்துவிடுவதாலேயே, அணைத்ததில் எது நோயைத் தீர்த்தது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழுது டிரைவரில் அப்படியே கிடக்கிறது, அடுத்த ஆளுக்காக.

முதலில், இந்த வேலைகளைக் கார்டிடம் ஏன் கொடுக்கிறோம் என்று பார்த்துவிடலாம்.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். ஐபி ஹெடருக்கு 20, டிசிபி ஹெடருக்கு 20, டைம்ஸ்டாம்ப் இருந்தால் இன்னொரு 12. இவை போக நம் தரவுக்கு மிஞ்சுவது 1448 பைட். ஒரு கிகாபிட் இணைப்பை முழு அளவுப் பாக்கெட்டுகளால் நிரப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 81,000 பாக்கெட் போகும். 10 கிகாபிட் என்றால் 8 லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் ஹெடர் எழுத வேண்டும், செக்சம் கணக்கிட வேண்டும், கெர்னலின் எல்லா அடுக்குகளின் வழியாகவும் இறங்கி வர வேண்டும். இதைச் சிபியுவே செய்தால், சர்வர் எதற்காக இருக்கிறதோ அந்த வேலைக்கு நேரம் குறைகிறது.

டிஎஸ்ஓ இங்கேதான் உதவிக்கு வருகிறது. 64 கேபி வரை ஒரே பெரிய துண்டாக, ஒரு மாதிரி ஹெடரோடு, கெர்னல் கார்டிடம் கொடுத்துவிடும். வெட்டிக் கொடுக்காமல் துணியைச் சுருளோடு தையல்காரரிடம் ஒப்படைப்பதுபோல. கார்டுதான் 1448 பைட்டாக வெட்டும், ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண்ணை ஏற்றும், செக்சம் போட்டுக் கம்பியில் விடும். ஒரு கிகாபிட்டுக்கு 81,000 முறை இறங்கிய வேலை இப்போது நொடிக்கு 2000 முறைகூட இறங்க வேண்டியதில்லை. லினக்ஸுக்கு இது 2002-ல், 2.5 வளர்ச்சிக் கெர்னல்களின் காலத்தில் வந்தது. 2006-ல் 2.6.18 கெர்னலோடு ஜிஎஸ்ஓ வந்தது. அதுவும் அதே வெட்டும் வேலைதான், ஆனால் கார்டில் அல்ல, மென்பொருளில். டிரைவரைத் தொடும் கடைசிக் கணம் வரை பெரிய துண்டாகவே வைத்திருந்து, அப்போதுதான் வெட்டும். அடுக்குகளின் வழியே இறங்கும் செலவு இதிலும் பெருமளவு மிச்சம். 2009-ல் 2.6.29-ல் வந்த ஜிஆர்ஓ பெறும் பக்கத்தின் வேலை. அடுத்தடுத்து வரும் துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கி மேலே அனுப்பும். ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ இரண்டையும் எழுதியவர் ஹெர்பர்ட் சூ.

ஜிஎஸ்ஓவை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், அந்த ஒற்றை வரித் தீர்வு டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ மூன்றையும் ஒரே மூச்சில் அணைக்கச் சொல்கிறது. கார்டு வெட்டுவதில் பழுது என்றால் டிஎஸ்ஓவை மட்டும் அணைத்தால் போதும். ஜிஎஸ்ஓ அந்த வேலையைச் சிபியுவில் எடுத்துக்கொள்ளும். ஒரு கிகாபிட்டில் அந்த இழப்பை உணரவே மாட்டீர்கள். மூன்றையும் அணைத்தால் காரணமே இல்லாமல் நல்ல மென்பொருளையும் வெளியே தள்ளிவிடுகிறோம். 10 கிகாபிட் சர்வரில் அதன் விலை கண்கூடாகத் தெரியும்.

சரி, கார்டு நின்றுவிட்டது என்பதை எப்படி உறுதி செய்வது? கெர்னல் லாகில் இருக்கும். இன்டெல் கார்டுகளின் இ1000இ டிரைவர் என்றால் "டிடெக்டட் ஹார்ட்வேர் யூனிட் ஹேங்" என்ற செய்தி, அதன் கீழே சில எண்கள், கொஞ்சம் தள்ளி அடாப்டரை ரீசெட் செய்ததாக ஒரு வரி. இணைப்பு அறுந்து தானாக மீள்வது இந்த ரீசெட்டால்தான். அந்த எண்களைக் கடந்து போய்விடாதீர்கள். அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகளுக்கு டிரைவரும் கார்டும் ஒரு வட்ட வரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன, ரிங் என்பார்கள். டிரைவர் அதில் டிஸ்கிரிப்டர்களை வைத்து வாலை முன்னே நகர்த்தும். கார்டு அவற்றை எடுத்துக்கொண்டே தலையை நகர்த்தும். லாகில் டிடிஎச் என்பது தலை, டிடிடி என்பது வால். அடுத்தடுத்த பதிவுகளில் வால் முன்னால் இருக்க, தலை அதே எண்ணில் நின்றால், டிரைவர் கொடுத்த வேலையைக் கார்டு எடுக்கவில்லை என்று பொருள். ஸ்விட்சுக்கோ கேபிளுக்கோ இதில் பங்கு குறைவு. இந்தச் செய்தி இல்லாமலே இணைப்பு அறுகிறதென்றால் விசாரணை வேறு திசையில் போக வேண்டும்: மின்சேமிப்பு அமைப்புகள், கேபிள், எதிர்ப்பக்கத்து ஸ்விட்ச்.

அடுத்து, ஒவ்வொன்றாக அணைத்துச் சோதிப்பது. லினக்ஸில் ஈத்டூல் என்ற கருவி போதும். சின்ன எழுத்து 'கே' கொடியோடு ஓட்டினால் எந்தெந்த ஆஃப்லோட் ஓடுகிறது என்று பட்டியலிடும். பெரிய எழுத்து 'கே' கொடி அவற்றை மாற்றும். ஃபிக்ஸ்ட் என்று குறித்திருப்பவற்றை மாற்ற முடியாது. ஐபெர்ஃப்3 கொண்டு இரண்டு திசையிலும் சுமை ஏற்றுங்கள். அனுப்பும் திசையில் மட்டும் நிற்கிறதா, பெறும் திசையிலுமா என்பதே பாதி விடையைத் தந்துவிடும். டிஎஸ்ஓ அனுப்பும் பக்கம். ஜிஆர்ஓவும், பின்னால் சொல்லப்போகும் எல்ஆர்ஓவும் பெறும் பக்கம். டிசிபி, யுடிபி இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அனுப்பும் பக்கத்துச் செக்சம் ஆஃப்லோடை அணைத்தால், லினக்ஸ் கெர்னல் டிஎஸ்ஓவையும் கூடவே அணைத்துவிடும். வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் கார்டுதான் செக்சம் போட்டாக வேண்டும் என்பதால், செக்சம் இல்லாமல் டிஎஸ்ஓ இருக்க முடியாது. எனவே செக்சமை அணைத்தேன், சரியாகிவிட்டது, ஆகவே கார்டு செக்சமைத் தப்பாகக் கணக்கிடுகிறது என்று முடிவு கட்ட முடியாது. குணமானது டிஎஸ்ஓ நின்றதாலும் இருக்கலாம். எப்போதும் டிஎஸ்ஓவிலிருந்து தொடங்குங்கள். அதை மட்டும் அணைத்துச் சோதித்து, பயனில்லை என்றால் மறுபடி ஏற்றிவிட்டு, அடுத்ததைத் தொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பட்டியலை முழுதாக மறுபடி பாருங்கள். நீங்கள் தொடாத ஏதாவது தானாக அணைந்திருக்கும்.

இனி, இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரலாறு ஒன்று. பழுது எப்படிப் பிறக்கிறது, மருந்தே எப்படிப் புதுப் பழுதாகிறது, அது கடைசியில் எப்படித் தீர்கிறது என்பதெல்லாம் அந்த இ1000இ டிரைவரின் கமிட் குறிப்புகளிலேயே இருக்கிறது. யாரும் போய்ப் படிக்கலாம்.

இன்டெல்லின் 100, 200 வரிசைச் சிப்செட்டுகளில் ஐ219 என்ற நெட்வொர்க் பகுதி உண்டு. அலுவலக மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் பரவலாக வந்தது. அந்தச் சிப்செட்டுகளில் நினைவகத்துக்குப் போய்வரும் நேரம் குறைந்தது. வேகம் கூடியது நல்லதுதானே? ஆனால் அந்த வேகத்தில், மிகுந்த சுமையின்போது ஐ219-க்குள் இருக்கும் பஃபர் வழிந்துவிடும் நிலை வந்தது. கடுமையான யுடிபி போக்குவரத்தும் கேபிளைப் பலமுறை கழற்றி மாட்டுவதும் சேர்ந்தால், அனுப்பும் பக்கம் மீளவே முடியாதபடி நின்றுவிடும். கணினியை ரீபூட் செய்தால்தான் உயிர் வரும். 2017-ல் டிரைவரில் ஒரு சுற்றுவழி சேர்த்தார்கள். ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கக்கூடிய நினைவகக் கோரிக்கைகளை 3-லிருந்து 2-ஆகக் குறைத்தார்கள். ஹேங் நின்றது. அந்தக் கமிட்டின் குறிப்பு நேர்மையானது. இதனால் டிசிபி வேகம் பாதிக்கப்படலாம், டிஎஸ்ஓவை அணைத்தால் அந்த இழப்பு நீங்கும், சிபியுவுக்கும் குறிப்பிடத்தக்க சுமை வராது என்று அதிலேயே எழுதியிருந்தார்கள்.

எழுதினார்கள், ஆனால் அந்தக் கமிட்டின் நிரல் டிஎஸ்ஓவை அணைக்கவில்லை.

2020-ல், 5.8 கெர்னலுக்கான இன்னொரு கமிட் வந்தது. அந்தப் பழைய சுற்றுவழியால் ஏறத்தாழ 30 சதவீத வேக இழப்பு ஏற்படுகிறது, டிஎஸ்ஓவை அணைத்தால் இழப்பு நீங்கும் என்று அந்தக் குறிப்பே சொல்கிறது, ஆகவே இயல்பாகவே அணைத்துவிடுவோம் என்றது. சரியான முடிவு. ஆனால் அணைக்கும் வரிகளை, இணைப்பு உயிர்பெறும்போது ஓடும் பகுதியில் வைத்தார்கள். அந்த அணைப்பு நிலைக்கவில்லை. 2023 ஏப்ரலில் மூன்றாவது கமிட். ஐ219-எல்எம் கார்டில் உச்ச வேகத்தில் 60 சதவீதம்தான் கிடைக்கிறது, இது 5.8-லிருந்து வந்த சறுக்கல், முன்பே அணைக்கச் சொல்லியும் டிஎஸ்ஓ இயல்பாக அணைந்திருக்கவில்லை என்று சொல்லி, அணைக்கும் வரிகளை டிரைவர் கார்டைக் கண்டறிந்து தொடங்கும் இடத்துக்கே மாற்றினார்கள். அதோடு தீர்ந்தது.

2017-லிருந்து 2023 வரை. இத்தனை காலமும் விடை முதல் கமிட்டின் குறிப்பிலேயே இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன. வருத்தம், அத்தனை கணினிகள் அத்தனை நாள் மெதுவாக ஓடியதற்காக. மரியாதை, ஒவ்வொருவரும் முந்தையவர் ஏன் அப்படிச் செய்தார் என்று தேடிப் படித்து, அந்தக் கமிட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, தன் காரணத்தையும் எழுதிவைத்துப் போனதற்காக. மூடிய டிரைவராக இருந்தால் நம் கையில் கிடைத்திருப்பது ஒரு புதிய பதிப்பு எண் மட்டுமே. அந்தக் காலத்தில் இந்தக் கார்டோடு போராடி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் டிஎஸ்ஓ மட்டும்தான் காரணம் என்று பிரித்துக் கண்டுபிடித்து எழுதியிருந்தால் இது இன்னும் முன்பே தீர்ந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

செக்சம் கதை வேறு வகை. டிஎஸ்ஓ பழுதானால் இணைப்பு நிற்கும், நமக்குத் தெரிந்துவிடும். செக்சம் சரிபார்ப்பு பழுதானால் ஒன்றும் நிற்காது. தரவு கெட்டுப்போய், கெட்டது தெரியாமலே சேமிக்கப்படும். என்னைப் பொறுத்தவரை இதுதான் அதிகம் அஞ்ச வேண்டியது.

டிசிபியின் செக்சம் 16 பிட் கூட்டல்தான், எளியது, பலவீனமானதும்கூட. ஈதர்நெட்டில் 32 பிட் சிஆர்சி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஜொனதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிஜ் இருவரும் 2000-ல் சிக்காம் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். உண்மையான போக்குவரத்தை அளந்து பார்த்தபோது, 1,100 பாக்கெட்டுக்கு ஒன்றிலிருந்து 32,000 பாக்கெட்டுக்கு ஒன்று வரை டிசிபி செக்சமில் தோற்றது. அந்த இணைப்புகளில் சிஆர்சி இருந்தும்தான். சிஆர்சி ஒவ்வொரு கம்பியிலும் தனித்தனியாகச் சரிபார்க்கிறது. ரூட்டரின் நினைவகத்தில், கார்டின் உள்ளே, டிரைவர் நிரலில் பாக்கெட் கெட்டால், கெட்ட பாக்கெட்டுக்கே புதிய சிஆர்சி போட்டு அடுத்த கம்பியில் விட்டுவிடுவார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பாக்கெட்டோடு கூடவே வரும் காவல் டிசிபி செக்சம்தான். அதைக் கணக்கிடும் வேலையைக் கார்டுக்குக் கொடுக்கும்போது, கெடுவதற்கு வாய்ப்புள்ள இடத்துக்கே காவலையும் கொடுக்கிறோம். பொதுவாக இது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் காவல் தவறிக் கெட்ட தரவு உள்ளே போனதற்குச் சாட்சி 2015-ல் ட்விட்டரில் வெளிப்பட்ட லினக்ஸ் பழுது. கண்டெய்னர்களுக்கு வலையமைப்பு கொடுக்கப் பயன்படும் வீஈத் என்ற மெய்நிகர் டிரைவர், தன் வழியாக வரும் பாக்கெட்டெல்லாம் இதே கணினியில் பிறந்தவை, இடையில் கெட வழியில்லை என்ற அனுமானத்தில் எழுதப்பட்டிருந்தது. அதனால் "செக்சம் சரிபார்க்கப்படவில்லை" என்ற குறியோடு வரும் பாக்கெட்டை "சரிபார்க்கத் தேவையில்லை" என்று மாற்றிவிடும். ஒரு கணினிக்குள்ளேயே பேசும்போது அது சரிதான். ஆனால் வெளியிலிருந்து உண்மையான கார்டு வழியாக வந்த பாக்கெட் கண்டெய்னருக்குப் போகும்போது? செக்சம் தப்பு என்று கண்ட கார்டு, முடிவைக் கெர்னலுக்கு விட்டுவிட்டு, சரிபார்க்கவில்லை என்ற குறியோடு மேலே அனுப்பும். கெர்னல் இங்கே வழிகாட்டி மட்டுமே. தன் வழியே கடந்து போகும் பாக்கெட்டின் டிசிபி செக்சமை அது பார்க்க வேண்டியதில்லை. வீஈத் குறியை மாற்றிவிடும். கண்டெய்னருக்குள் இருக்கும் டிசிபி நம்பி வாங்கிக்கொள்ளும். ஒரு பழுதான ஸ்விட்ச் பாக்கெட்டுகளைக் கெடுக்கத் தொடங்கியபோது, கெட்ட தரவு அப்படியே அப்ளிகேஷன்களுக்குள் போனது.

டாக்கரின் வழக்கமான நாட் அமைப்பு இதில் தப்பியது, முகவரி மாற்றும் பகுதி செக்சமைச் சரிபார்ப்பதால். ஐபிவி6, ரூட்டிங் முறையில் அமைந்த கண்டெய்னர்கள், பல குபர்நெட்டிஸ் அமைப்புகள் மாட்டிக்கொண்டன. இந்த நிரல் 2007-ல் எழுதப்பட்ட வீஈத்தின் முதல் பதிப்பிலிருந்தே கெர்னலில் இருந்தது. கண்டுபிடித்தவர்கள் அனுப்பிய திருத்தம் குறியை மாற்றும் அந்தச் சில வரிகளை நீக்கியது, அவ்வளவுதான். திருத்தம் பரவும் வரை உடனடிப் பாதுகாப்பு என்னவென்றால், வீஈத் இடைமுகத்தில் பெறும் பக்கச் செக்சம் ஆஃப்லோடை அணைப்பது. அணைப்பது தப்பே இல்லை, பாருங்கள். எதை, எங்கே, எதற்காக அணைக்கிறோம் என்று தெரிந்து அணைத்தார்கள்.

மெய்நிகர் கணினிகளுக்கு வந்தால் இந்தக் குறிகளின் குழப்பம் இன்னும் அடிக்கடி கண்ணில் படும். ஒரே ஹோஸ்டில் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள் பேசிக்கொள்ளும்போது இடையில் கம்பியே இல்லை. ஆகவே விர்ட்ஐஓ டிரைவர் செக்சமை முழுதாகக் கணக்கிடுவதில்லை. சூடோ ஹெடரின் கூட்டலை மட்டும் போட்டு, மீதியைப் பிறகு யாராவது முடிக்கட்டும் என்ற குறியோடு அனுப்பும். குறியைப் படிக்கத் தெரிந்த கெர்னலுக்கு அது போதும். ஆனால் டிஎச்சிபி கிளையன்ட் போன்ற நிரல்கள் கெர்னலின் அடுக்குகளைத் தாண்டிக் கச்சாப் பாக்கெட்டையே படிக்கும். அவற்றுக்குக் குறி தெரியாது. செக்சம் தப்பாகத் தெரியும். ஐஎஸ்சி டிஎச்சிபி கிளையன்ட் "5 பாக்கெட்டில் 5 கெட்ட யுடிபி செக்சம்" என்ற பொருளில் லாகில் புலம்பிக்கொண்டே முகவரி கிடைக்காமல் நிற்கும். ஹோஸ்டிலிருந்து பார்த்தால் எல்லாமே சரி. இதற்காகவே செக்சமை முடித்துக் கொடுக்கும் ஒரு செயலை 2010-ல் ஐபிடேபிள்ஸில் சேர்த்தார்கள். டிஎச்சிபி பதில் போகும் போர்ட் 68-க்கு மட்டும் அதைப் போட்டால் போதும். முழு ஹோஸ்டின் ஆஃப்லோடையும் அணைக்க வேண்டியதில்லை.

இதே முடியாத செக்சம், ஃப்ரீபிஎஸ்டி கெஸ்டை ரூட்டராக அல்லது ஃபயர்வாலாக கேவிஎம் மேல் ஓட்டுபவர்களை ஆண்டுக்கணக்காக வாட்டியிருக்கிறது. பாதியில் நிற்கும் செக்சமோடு வந்த பாக்கெட்டை அந்த கெஸ்ட் அப்படியே அடுத்த பக்கம் அனுப்ப, பெறுபவர் எறிந்துவிடுவார். ரூட்டரிலிருந்தே பிங் போகும். ரூட்டரைத் தாண்டி டிசிபி போகாது. பிஎஃப்சென்ஸ் ஆவணங்கள் விர்ட்ஐஓவோடு ஓட்டும்போது செக்சம் ஆஃப்லோடை அணைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ரூட்டர் என்றதும் எல்ஆர்ஓ பற்றிச் சொல்லியாக வேண்டும். பெறும் பக்கத்தில் துண்டுகளை ஒட்டுவது அதன் வேலை. ஒட்டும்போது தனித்தனி ஹெடர்களின் விவரம் தொலைந்துபோகும். பாக்கெட் இங்கேயே முடிகிறது என்றால் பரவாயில்லை. அடுத்த கணினிக்குப் போக வேண்டியது என்றால், 1500-ஐ விடப் பெரிதான ஒரு பாக்கெட் கையில் இருக்கும்; அதைப் பழையபடி பிரிக்கத் தேவையான தகவல் இருக்காது. லினக்ஸில் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கினால் எல்ஆர்ஓவைக் கெர்னலே அணைத்துவிடும். ஜிஆர்ஓ, பிரித்தால் பழைய பாக்கெட்டே கிடைக்கும்படியான கண்டிப்போடு வடிவமைக்கப்பட்டதால் ரூட்டரிலும் இருக்கலாம். ஃப்ரீபிஎஸ்டியில் இந்தக் கவனம் நிர்வாகியின் பொறுப்பு. ஐஎஃப்கான்ஃபிக் காட்டும் ஆப்ஷன்ஸ் வரியில் எல்ஆர்ஓ இருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டர் என்றால் கழித்தல் குறியோடு அதை நீக்கிவிடுங்கள். இதில் மட்டும் ஆராய்ச்சி தேவையில்லை.

இன்னொன்று, பாக்கெட்டைப் பிடித்துப் பார்ப்பவர்களுக்கு. அனுப்பும் கணினியிலேயே டிசிபிடம்ப் ஓட்டினால் 1500-ஐத் தாண்டிய பிரம்மாண்டப் பாக்கெட்டுகளும் தப்பான செக்சமும் தெரியும். பதற வேண்டாம். கார்டு வெட்டுவதற்கும் செக்சம் போடுவதற்கும் முன்னாலேயே டிசிபிடம்ப் பிரதி எடுத்துவிடுகிறது. வயர்ஷார்க்கும் இதற்குக் காரணம் ஆஃப்லோடாக இருக்கலாம் என்று அந்த இடத்திலேயே எழுதிக்காட்டும். கம்பியில் உண்மையில் என்ன போனது என்று பார்க்க வேண்டுமென்றால், ஸ்விட்சில் ஒரு மிரர் போர்ட் அமைத்து மூன்றாவது கணினியில் பிடியுங்கள். அந்தக் கணினியில் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ இரண்டையும் அணைத்துவிட்டுப் பிடியுங்கள். இல்லாவிட்டால் அது வேறு ஒட்டிக் காட்டும்.

டிசிபி முழுவதையுமே கார்டுக்குள் ஓட்டிவிடலாம் என்ற யோசனையும் ஒரு காலத்தில் பலமாக இருந்தது. டிஓஇ என்று பெயர். அதற்கான கார்டுகளும் சந்தைக்கு வந்தன. லினக்ஸின் நெட்வொர்க் பராமரிப்பாளர்கள் பிரதான கெர்னலில் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள். கார்டின் ஃபர்ம்வேருக்குள் இருக்கும் டிசிபியில் பாதுகாப்புக் குறை வந்தால் நம்மால் படிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இன்று நம்மிடம் இருக்கும் ஆஃப்லோடுகள் பெரும்பாலும் நிலை எதையும் நினைவில் வைக்காதவை: வெட்டு, கூட்டு, மற. அதனால்தான் ஒன்றை அணைத்தால் இணைப்பு உடையாமல், அந்த வேலையைக் கெர்னல் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. நாம் இன்று தைரியமாக ஒவ்வொன்றாக அணைத்துச் சோதிக்க முடிவது அந்த மறுப்பால்தான். அதற்காக அவர்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

கடைசியாக, கண்டுபிடித்ததை நிலையாக்குவது. ஈத்டூலில் மாற்றியது ரீபூட் ஆனதும் போய்விடும். சிஸ்டம்டியின் லிங்க் ஃபைலில் டிசிபி செக்மென்டேஷன் ஆஃப்லோடுக்கென்றே ஒரு வரி உண்டு. டெபியனின் இன்டர்ஃபேசஸ் ஃபைலில் போஸ்ட்-அப் வரியாகவும் எழுதலாம். நெட்வொர்க்மேனேஜரில் இணைப்பின் பண்பாகவே வைக்கலாம். ஃப்ரீபிஎஸ்டி என்றால் ஆர்சி கான்ஃபில் அந்த இடைமுகத்தின் வரியோடு சேர்க்கலாம். எங்கே எழுதினாலும் அதன் மேலேயே ஒரு குறிப்புரை வையுங்கள்: தேதி, கெர்னல் பதிப்பு, டிரைவர் பெயர், எந்தச் சோதனையில் எது நின்றது, எதை அணைத்ததும் சரியானது. ஐ219 போல ஒரு திருத்தம் பின்னாளில் கெர்னலுக்கு வரும். அப்போது அந்தக் குறிப்பைப் பார்த்து, வரியை நீக்கிவிட்டு, அதே ஐபெர்ஃப்3 சோதனையை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். குறிப்பு இல்லாத வரியை யாரும் தொடமாட்டார்கள்.

அதே விவரங்களை டிரைவர் பராமரிப்பாளருக்கும் அனுப்புங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை லினக்ஸ் நிரலோடு வரும் மெயின்டெய்னர்ஸ் ஃபைல் சொல்லும். பழைய கெர்னலில் நன்றாக ஓடிப் புதியதில் நிற்கிறது என்றால் கிட் பைசெக்ட் கொண்டு எந்தக் கமிட்டில் உடைந்தது என்று பாதிபாதியாகப் பிரித்துத் தேடலாம். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் முடிவில் ஒரே ஒரு கமிட்டின் அடையாளம் கையில் கிடைக்கும். மின்னஞ்சலில் அதையும், சின்ன எழுத்து 'ஐ' கொடியோடு ஈத்டூல் காட்டும் டிரைவர், ஃபர்ம்வேர் பதிப்புகளையும், ஹேங் ஆனபோது லாகில் விழுந்த அந்த டிடிஎச், டிடிடி எண்களையும் வெட்டாமல் அப்படியே ஒட்டுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் கவலைப்படாதீர்கள், அந்த எண்களைத்தான் அவர்கள் முதலில் படிப்பார்கள்.